ஆறு மாசமா அடிவயிறு வலிக்குதா? அது ‘பொம்பளைங்கன்னா இருக்கும்’ வலி இல்ல! - பழவேற்காடு ஏரிக்கரையிலிருந்து ஒரு கைடு

பழவேற்காடுன்னு தேடினா உங்க ஃபீடுல என்ன வரும்? ஃபிளமிங்கோ கூட்டம், டச்சுக்காரர்கள் கல்லறை, படகு சவாரி, நண்டு வறுவல். அதே ஏரியில் இடுப்பளவு தண்ணியில் இறங்கி, ‘பறி’ என்ற ஓலைப் பையைப் பல்லில் கவ்விக்கொண்டு, ரெண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவி இறால் பிடிக்கும் பெண்கள் அந்த ரீல்ஸில் பெரும்பாலும் வருவதில்லை.

இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உப்புநீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவில், தெற்குப் பகுதி நம்ம திருவள்ளூர் மாவட்டத்தில். இங்கே யார், எந்த இடத்தில், எந்த நாளில் வலை போடலாம் என்பதைத் தீர்மானிக்க ‘பாடு’ என்று ஒரு பழைய முறை இருக்கு. அந்தப் பாடு ஆண்களுக்கு. படகும் வலையும் இல்லாத இருளர் பெண்கள் உட்பட பலருக்குக் கைதான் வலை. வற்றம் பார்த்து இறங்கினால் மணிக்கணக்கில் குனிந்தோ, குந்தியோ, தவழ்ந்தோ தேடணும். தண்ணியில் இறங்காத பெண்களுக்கும் உடம்பு வேலைதான். ஏலத்தில் எடுத்த மீனைக் கூடையில் சுமப்பது, கருவாடு காயப்போடுவது, தரையில் உட்கார்ந்து இறால் தரம் பிரிப்பது. இங்குள்ள முஸ்லிம் பெண்களின் பனை ஓலைப் பின்னல் ரொம்பப் பிரபலம். அதுவும் மணிக்கணக்கில் சம்மணம் போட்டு உட்காரும் வேலை.

இப்படி உழைக்கும் ஒருத்தி “அடிவயிறு இழுக்குது, இடுப்பு கழலுது” என்று சொன்னால் வீட்டில் கிடைக்கும் பதில் மூணே மூணுதான். ‘சூடு’, ‘தண்ணியில நிக்குற வேலை அப்படித்தான்’, ‘பொம்பளைங்கன்னா இருக்கும்’. மூணும் அரைகுறை பதில். சென்னையில் ஏ.சி அறையில் ஒன்பது மணி நேரம் நாற்காலியில் இருக்கும் பெண்ணுக்கும் இதே வலி வருது, அவளுக்கும் இதே மூணு பதில்தான் கிடைக்குது. அதனால இந்தக் கட்டுரை ஏரிக்கரைக்கு மட்டுமானது இல்ல.

எப்போது அது ‘நாள்பட்ட வலி’?

தொப்புளுக்குக் கீழே, இடுப்பு எலும்புக்கூட்டுக்குள் வரும் வலி ஆறு மாசம் அல்லது அதற்கு மேல் நீடித்தால் மருத்துவர்கள் அதை நாள்பட்ட இடுப்புக்கூட்டு வலி என்று தனியாகவே பார்க்கிறார்கள். எப்பவும் வலிச்சுக்கிட்டே இருக்கணும்னு இல்ல. விட்டு விட்டு வரலாம். மாதவிடாய் நேரத்தில் மட்டும் உச்சத்துக்குப் போகலாம். சிறுநீர் கழிக்கும்போது, மலம் கழிக்கும்போது, தாம்பத்தியத்தின்போது வரலாம். முதுகுக்கும் தொடைக்கும் இறங்கலாம்.

ஆறு மாசம் என்பது டாக்டரிடம் போகக் காத்திருக்க வேண்டிய காலம் இல்ல. பீரியட்ஸ் வலியால் மாசாமாசம் ரெண்டு நாள் ஸ்கூலுக்கோ வேலைக்கோ போக முடியலைன்னா, அப்பவே போகலாம். ‘கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு எதுக்கு மகளிர் டாக்டர்?’ என்று கேட்கும் பாட்டிகளுக்கு ஒரு தகவல்: திருமணமாகாத பெண்களுக்கு வயிற்றின் மேல் வைத்தே ஸ்கேன் எடுக்கலாம். உள்பரிசோதனை உங்க சம்மதம் இல்லாமல் நடக்கக் கூடாது.

வலி எங்கிருந்து வருது?

அந்தச் சின்னக் கூட்டுக்குள் கர்ப்பப்பை, சினைப்பைகள், சிறுநீர்ப்பை, மலக்குடல், தசைகள், நரம்புகள் எல்லாமே நெருக்கியடித்துக்கொண்டு இருக்கு. ஒரு வீட்டில் பிரச்னைன்னா தெருவே கேட்கும். அதனால் ‘அடிவயிறு வலின்னா கர்ப்பப்பைதான்’ என்ற முடிவு பல நேரம் தப்பு. ஒரே பெண்ணுக்கு ரெண்டு மூணு காரணம் சேர்ந்தே இருப்பதும் சகஜம்.

முதலில் எண்டோமெட்ரியோசிஸ். கர்ப்பப்பையின் உள்சுவரில் இருக்கும் திசு போன்ற ஒன்று, வெளியே சினைப்பையிலும் குடல் மேலும் வளர்வது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, இனப்பெருக்க வயதில் இருக்கும் பெண்களில் சுமார் 10 சதவிகிதம் பேருக்கு, அதாவது உலகம் முழுக்க 19 கோடி பேருக்கு இது இருக்கு. ஆனாலும் இதைக் கண்டுபிடிக்கப் பல வருடங்கள் ஆகிவிடுகின்றன. காரணம், சாதாரண ஸ்கேனில் இது தெரியாமல் போகலாம். ‘ஸ்கேன் நார்மல்’ என்றால் ‘வலி பொய்’ என்று அர்த்தம் இல்ல. இந்த ஒரு வரியை வேணும்னா ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க. முன்பெல்லாம் வயிற்றில் சின்னத் துளை போட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோபி செய்தால்தான் உறுதி என்பார்கள். ஐரோப்பிய மருத்துவர்கள் அமைப்பு 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் அந்தக் கட்டாயம் தளர்த்தப்பட்டு, அறிகுறிகளை வைத்தே மருந்தைத் தொடங்கிப் பார்க்கலாம் என்று சொல்லப்பட்டிருக்கு.

இதே மாதிரி திசு கர்ப்பப்பையின் தசைக்குள் புகுந்தால் அது அடினோமயோசிஸ். அதிக ரத்தப்போக்கும் கனமான வலியும் இதன் அடையாளம்.

அடுத்தது தொற்று. பால்வினைத் தொற்றுகளைச் சரியாகக் குணப்படுத்தாமல் விட்டால் அவை கர்ப்பப்பை, சினைக்குழாய் வரை ஏறி, தழும்பாகி, வருடக்கணக்கில் வலிக்கும். கணவருக்கும் சேர்த்து சிகிச்சை கொடுக்காவிட்டால் திரும்பத் திரும்ப வரும். நம்ம நாட்டில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது: காசநோய். டி.பி என்றால் இருமல்தான் என்று நினைக்கிறோம். அது கர்ப்பப்பையையும் சினைக்குழாயையும் தாக்கும். வலி, மாதவிடாய் குறைவது, குழந்தை தங்காமல் போவது என வரும். அரசு மருத்துவமனைகளில் இதற்கான மருந்து முழுக்க இலவசம்.

சிறுநீர்ப்பையும் குடலும் தனிக்கதை. சிறுநீர்ப்பை நிறைய நிறைய வலித்து, போனதும் குறைந்தால் அது சிறுநீர்ப்பை வலி நோயாக இருக்கலாம். மலம் போனதும் வலி குறைந்தோ, போக்கு மாறியோ இருந்தால் ஐ.பி.எஸ் என்ற குடல் பிரச்னையாக இருக்கலாம்.

யாரும் தொட்டுப் பார்க்காத தசை

இப்போ நான் கொஞ்சம் நின்று பேச நினைக்கும் விஷயத்துக்கு வர்றேன். இடுப்புக்கூட்டின் அடியில், முன்னால் இருக்கும் எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை, தூளி கட்டின மாதிரி ஒரு தசைத்தொகுப்பு இருக்கு. மேலே இருக்கும் உறுப்புகளைத் தாங்குவது, சிறுநீர், மலத்தை அடக்குவது, விடுவது எல்லாம் அதன் வேலை. கழிவறை இல்லாத இடத்தில் காலையிலிருந்து மதியம் வரை சிறுநீரை அடக்குவது, குந்தியபடியே வேலை, மூச்சைப் பிடித்துக் கூடை தூக்குவது என்று அந்தத் தசை இறுகியே இருந்தால், ஒரு கட்டத்தில் அதற்குத் தளரவே மறந்துபோகும். கைமுஷ்டியை ஒரு மணி நேரம் மூடியே வைத்துப் பாருங்க, எப்படி வலிக்கும்? அதே கதைதான்.

இந்தத் தசை இறுக்கத்துக்கு ஸ்கேனில் படம் வராது. டாக்டர் விரலால் அழுத்திப் பார்த்தால்தான் தெரியும். பலருக்கு அந்தப் பரிசோதனை நடப்பதே இல்ல.

இங்கே ரீல்ஸ் பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ‘பெண்களே, தினமும் கெகல் பயிற்சி செய்யுங்க’ என்று நூறு வீடியோ ஓடுது. கெகல் என்பது இந்தத் தசையைச் சுருக்கும் பயிற்சி. இருமினால் சிறுநீர் கசியும் பெண்ணுக்கு அது நல்லது. ஏற்கெனவே இறுகிப்போய் வலிக்கும் பெண்ணுக்கு அது வலியைக் கூட்டலாம். அவளுக்குத் தேவை தளர்த்தும் பயிற்சி. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, ஒரு கையை வயிற்றில் வைங்க. மூச்சை இழுக்கும்போது வயிறு மேலே வரணும், அடித்தசை கீழே தளர்வதை உணரணும். விடும்போது அமுக்காமல் மெதுவா விடணும். ஐந்து நிமிஷம், ஒரு நாளைக்கு ரெண்டு தடவை. இதற்குச் செலவு இல்ல, தனி இடமும் வேண்டாம்.

இன்னொரு கண்ணுக்குத் தெரியாத காரணம், தழும்பு. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 2019-21 சொல்வதன்படி, தமிழ்நாட்டில் 44.9 சதவிகிதப் பிரசவங்கள் சிசேரியன். பெரும்பாலானவர்களுக்குத் தையல் ஆறிவிடும். சிலருக்கு அந்த இடத்தில் ஒரு நரம்பு சிக்கிக்கொண்டு, ஒரு விரல் வைத்துக் காட்டக்கூடிய இடத்தில் சுருக்குன்னு குத்தும். இதைக் கண்டுபிடிக்க எளிமையான சோதனை இருக்கு. படுக்க வைத்து, வலிக்கும் இடத்தை டாக்டர் ஒரு விரலால் அழுத்தியபடி தலையைத் தூக்கச் சொல்வார். அப்போது வலி கூடினால் பிரச்னை வயிற்றுச் சுவரில், குறைந்தால் உள்ளே. சுவரில் என்றால், அந்த இடத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டே பலருக்குக் குறையும். இது தெரியாமல் வருடக்கணக்கில் ‘கர்ப்பப்பை வீக்கம்’ என்று மாத்திரை சாப்பிடுபவர்கள் உண்டு.

சரி, தண்ணியில் நிற்பதால்தான் வலி வருதா? நேரடியாக இல்ல. ஏரித் தண்ணி கர்ப்பப்பைக்குள் போய் வலியைக் கொடுக்காது. ஈரத்துணியோடு நாள் முழுக்க இருந்தால் தொடையிடுக்கில் அரிப்பு, பூஞ்சைத் தொற்று வரும். தண்ணி குடிக்காமல், சிறுநீரை அடக்கிக்கொண்டு இருந்தால் சிறுநீர்த் தொற்று வரும். குனிந்தும் குந்தியும் செய்யும் வேலையில் தசை இறுகும். ஏரியைக் குற்றம் சொல்வதைவிட, கரையில் பெண்களுக்கு ஒரு கழிவறை இருக்கான்னு கேட்பது உபயோகமான கேள்வி.

‘எல்லாம் மனசுதான்’ என்பவர்களுக்கு

வலி ரொம்ப நாள் நீடித்தால் தண்டுவடமும் மூளையும் அந்த சிக்னலுக்குப் பழகி, வால்யூமைக் கூட்டி வைத்துவிடும். சின்னத் தொடுதல்கூட வலியாகத் தெரியும். முதல் காரணம் ஆறின பிறகும் வலி தொடரும். தூக்கமின்மை, கடன் கவலை, வீட்டில் அடி உதை எல்லாம் அந்த வால்யூமை இன்னும் கூட்டும். இது கற்பனை இல்ல, நரம்பு மண்டலத்தில் நடக்கும் மாற்றம். அதனால்தான் சிகிச்சையில் மனநல ஆலோசனையும் வருது. ‘என்னைப் பைத்தியம்னு நினைச்சுட்டாங்க’ என்று எழுந்து வந்துடாதீங்க. வீட்டில் வன்முறை இருந்தால் 181 பெண்கள் உதவி எண்ணுக்குப் பேசலாம்.

டாக்டரிடம் போகும் முன் காலண்டரை எடுங்க

அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் தண்ணி எப்படி ஏறும், எப்போ வற்றும் என்று கணக்கு வைத்திருக்கும் ஊர் இது. அதே கணக்கு உடம்புக்கும் வேணும். ஆண்ட்ராய்டு ஆப் வேண்டாம். சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் போதும். வலிச்ச நாளில் ஒரு புள்ளி, படுக்கவே வெச்ச நாளில் ரெண்டு புள்ளி, மாதவிடாய் நாளில் ஒரு வட்டம். எந்த வேலைக்குப் பிறகு கூடுச்சு, எந்த மாத்திரைக்குக் குறைஞ்சது என்று ஒரு வார்த்தை. ரெண்டு மூணு மாசத்துத் தாளைக் கிழிக்காமல் எடுத்துப்போங்க. வட்டமும் புள்ளியும் ஒட்டியே வந்தால் எண்டோமெட்ரியோசிஸ், அடினோமயோசிஸ் பக்கம் டாக்டர் யோசிப்பார். தொடர்பே இல்லாவிட்டால் தசை, குடல், சிறுநீர்ப்பை பக்கம் போவார்.

வலியைச் சொல்ல நம்மகிட்ட நல்ல வார்த்தைகள் இருக்கு. ‘ஒரு மாதிரி இருக்கு டாக்டர்’ என்று மட்டும் சொல்லாதீங்க. இழுக்குதா, சுருக்குன்னு குத்துதா, விண்ணு விண்ணுன்னு தெறிக்குதா, எரியுதா, கீழே ஏதோ இறங்குற மாதிரி கனக்குதா? எரிச்சலும் சுருக்கும் நரம்பைக் காட்டும். கீழிறங்கும் கனம் கர்ப்பப்பை இறக்கத்தைக் காட்டலாம். தாம்பத்தியத்தில் வலி இருந்தால் அதையும் சொல்லணும். மாமியார் கூட வந்திருந்தால், “டாக்டர், தனியா கொஞ்சம் பேசணும்” என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பழவேற்காட்டில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கு. அங்கே சிறுநீர்ப் பரிசோதனை, கர்ப்பப் பரிசோதனை, ரத்தசோகைக்கான சோதனை முடிச்சிடலாம். ஸ்கேனுக்கும் மகளிர் மருத்துவருக்கும் பொன்னேரி அரசு மருத்துவமனை, அதற்கு மேல் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி, சென்னையில் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம், எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை. ஒரு நாள் போய் வந்தால் அன்றைய வருமானம் போச்சு என்பது நிஜம். அதனால் பழைய சீட்டு, ஸ்கேன், மாத்திரை அட்டை எல்லாத்தையும் ஒரே கவரில் போட்டு எடுத்துப்போங்க. இல்லைன்னா ஒவ்வொரு இடத்திலும் முதலிலிருந்து ஆரம்பிப்பாங்க. எங்கே போகணும்னு குழப்பமா இருந்தா 104 மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம்.

‘எடுத்துட்டா சரியாயிடும்’

இதுதான் இந்த விஷயத்தில் ரொம்ப ஆபத்தான வாக்கியம். ‘ரெண்டு புள்ள பெத்தாச்சு, இனி எதுக்கு அந்தப் பை?’ என்று கர்ப்பப்பையை எடுக்கச் சொல்வது. மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களில் ஏராளமானவர்களுக்கு இளம் வயதிலேயே கர்ப்பப்பை அகற்றப்பட்டது 2019-ல் பெரிய சர்ச்சையாகி, அரசு விசாரணைக் குழுவே அமைத்தது. வலி, வெள்ளைப்படுதல், வேலைக்கு லீவு போட முடியாத நிலை. இவைதான் அந்தப் பெண்கள் சொன்ன காரணங்கள். பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானில் நடந்த தேவையற்ற அறுவை சிகிச்சைகள் பற்றிய வழக்கில், மத்திய அரசின் வழிகாட்டுதலை மூன்று மாதத்துக்குள் மாநிலங்கள் ஏற்று நடைமுறைப்படுத்தணும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஏரியின் பெரும்பகுதி இருக்கும் ஆந்திராவில், கர்ப்பப்பை எடுத்த பெண்களின் விகிதம் தேசிய சராசரியைவிட ரெண்டு மடங்குக்கும் மேல்.

பெரிய கட்டி, புற்றுநோய், எதற்கும் அடங்காத ரத்தப்போக்கு, கடுமையான அடினோமயோசிஸ் என்றால் அறுவை சிகிச்சை உயிரைக் காக்கும், வாழ்க்கையை மீட்டும். ஆனால் வலிக்குக் காரணம் தசையோ, நரம்போ, குடலோ என்றால் பையை எடுத்த பிறகும் வலி அப்படியே இருக்கும். கூடவே சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் முப்பத்தைந்து வயதிலேயே மெனோபாஸ்; எலும்பு தேயும், இதய நோய் அபாயம் கூடும். அதனால் யாராவது எடுக்கச் சொன்னால் இந்த நாலு கேள்வி: என் வலிக்குக் கர்ப்பப்பைதான் காரணம்னு எப்படித் தெரியும்? மாத்திரை, ஹார்மோன் முயற்சி பண்ணியாச்சா? சினைப்பையை விட்டுவைப்பீங்களா? எடுத்த பிறகும் வலி இருந்தா என்ன செய்வீங்க? பதில் திருப்தியா இல்லைன்னா இன்னொரு டாக்டரைப் பாருங்க.

சிகிச்சை என்னென்ன?

ஒரே மாத்திரையில் தீரும் வலி இல்ல இது. மாதவிடாயோடு வரும் வலிக்குக் கருத்தடை மாத்திரை, டைனோஜெஸ்ட், ஹார்மோன் உள்ள கர்ப்பப்பைக் காயில் போன்றவை பலருக்கு உதவும். ‘கருத்தடை மாத்திரை சாப்பிட்டா பின்னாடி குழந்தை பொறக்காது’ என்பது தப்பு; நிறுத்தினால் கருவுறும் திறன் திரும்பும். ஆனால் புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், ஒற்றைத் தலைவலி இருந்தால் டாக்டரிடம் சொல்லணும்.

பீரியட்ஸ் வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் நாமே கேட்டு வாங்கும் மெஃபெனமிக் அமில மாத்திரைக்கு, அபூர்வமாகக் கடுமையான அலர்ஜி வரலாம் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023 இறுதியில் எச்சரித்தது. ஒன்றிரண்டு நாள் சாப்பாட்டுக்குப் பிறகு போடுவதில் பெரும்பாலானவர்களுக்குப் பிரச்னை இல்ல. மாசம் முழுக்கப் போடுவதும், வெயிலில் தண்ணி குடிக்காமல் வேலை செய்துகொண்டே போடுவதும் வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் ஆபத்து. உடம்பில் தடிப்பு, காய்ச்சல் வந்தால் உடனே நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க.

நரம்பு வலிக்கென்று தரும் மாத்திரைகளிலும் ஒரு தெளிவு வேணும். காரணம் கண்டுபிடிக்க முடியாத இடுப்புக்கூட்டு வலி உள்ள 306 பெண்களிடம் பிரிட்டனில் நடந்த ஆய்வு 2020-ல் லான்செட் இதழில் வந்தது. காபாபென்டின் என்ற மாத்திரைக்கும் வெறும் மாத்திரைக்கும் வலி குறைவதில் வித்தியாசம் இல்ல, தலைச்சுற்றலும் தூக்கக் கலக்கமும்தான் கூடுதல் என்று தெரிந்தது. வருடக்கணக்கில் அதைச் சாப்பிட்டும் பலன் இல்லைன்னா டாக்டரிடம் கேளுங்க, நீங்களாகத் திடீர்னு நிறுத்தாதீங்க.

தசை வலிக்கு இயன்முறை சிகிச்சைதான் முக்கியம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர்களும் வீடு தேடி வர்றாங்க. முதுகு வலி, முழங்கால் வலிக்கு மட்டும்தான் அவங்கன்னு நினைக்காமல், இடுப்புத்தளத் தசை பற்றியும் கேளுங்க. அவங்களுக்குப் பயிற்சி இல்லைன்னா யாரிடம் போகணும்னாவது சொல்வாங்க.

வேலையை விட முடியாது, அதை மாற்றிக்கொள்ளலாம். அரை மணிக்கு ஒருமுறை நிமிர்ந்து நின்று இடுப்பை முன்னும் பின்னும் அசைங்க. இறங்கும் முன்பும் ஏறியதும் சிறுநீர் கழிங்க. ஒரு பாட்டில் தண்ணியும் ஒரு செட் உலர்ந்த துணியும் கரையில் இருக்கட்டும். தரம் பிரிக்கும்போது குந்துவதற்குப் பதில் ஒரு தாழ்வான முக்காலி. கூடை தூக்கும்போது மூச்சைப் பிடிக்காமல், விட்டுக்கொண்டே தூக்குங்க. ராத்திரியில் சுடுதண்ணி ஒத்தடம் உண்மையிலேயே உதவும். வெந்தயமும் மோரும் குடிங்க, தப்பில்ல. அதை மட்டும் நம்பி ஒரு வருஷம் கடத்தாதீங்க.

இதற்கெல்லாம் காலண்டர் பார்க்க வேண்டாம், உடனே கிளம்புங்க

நாள் தள்ளிப்போயிருக்கும்போது திடீர்னு ஒரு பக்கம் கடுமையான வலி, மயக்கம் வந்தால் அது குழாயில் தங்கிய கருவாக இருக்கலாம். சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து. குளிர்காய்ச்சலோடு வலி, நிற்காத வாந்தி, ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனையும் போக்கு என்றாலும் 108-ஐக் கூப்பிடுங்க. மெனோபாஸ் முடிந்த பிறகு ரத்தம், உறவுக்குப் பிறகு ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ஐம்பதுக்கு மேல் புதிதாக வயிறு உப்புசம் என்றால் அந்த வாரமே டாக்டரைப் பாருங்க. படகில் கரைக்கு வர வேண்டிய குப்பத்தில் இருப்பவர்கள், ராத்திரியில் யார் படகை எடுப்பாங்க, ஆம்புலன்ஸ் எந்தக் கரைக்கு வரும் என்பதை இப்பவே பக்கத்து வீட்டு அண்ணன்கிட்ட பேசி, நம்பரை போனில் சேவ் பண்ணி வெச்சுக்கோங்க.